ஜிக்கில் பொருந்திய கல்

பகல் ஷிப்ட் மூன்று மணிக்கு முடிந்தது. மாரிசெல்வியின் சாப்பாட்டுப் பை ஸ்கேனருக்குள் போனது, மறுபக்கம் வெளியே வரவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த கேட் செக்யூரிட்டி லூர்தம்மாள் பெல்ட்டை நிறுத்தினார். டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் தெரிந்தது.

"இன்னாமா இது? உள்ள போன் எடுத்துகினு போவக் கூடாதுன்னு தெரியாதா?"

"போன் இல்லக்கா, கல்லு. கேன்டீன் போற வழியில கெடந்துச்சு."

பதினோரு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு பதிலை லூர்தம்மாள் கேட்டதில்லை. பையைத் திறந்தார். கல்தான். உள்ளங்கை நீளம், கறுப்பு, மெல்லிசு. நான்கு மூலைகளும் ஒரே அளவாக மழுக்கப்பட்டிருந்தன. கேமரா இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சின்னக் குழிகள். அவர் லைன் சூப்பர்வைசர் சுகப்பிரியாவுக்குச் சொல்லி அனுப்பினார்.

மாரிசெல்வியின் சொந்த ஊரான சங்கரன்கோவில் பக்கம் தெருவெல்லாம் கல் கிடக்க, பிழைக்க வந்த இடத்தில் பொறுக்கினால் வேறென்ன ஆகும்? ஆனால் அவளைச் சொல்லியும் குற்றமில்லை. செல்போன் பின்மூடிகளைக் கண்ணாலும் அளவுச் சட்டத்தாலும் பார்த்து நல்லது கெட்டது பிரிப்பதுதான் அவள் வேலை, ஷிப்டுக்கு எழுநூறு மூடி. நான்கு மூலையும் சரியாக இருக்கிற எதைக் கண்டாலும் கை தானாக எடுத்துவிடுகிறது. ஆறு மாத டிரெயினிங் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. பேரில் ஒரு ரிமார்க்கும் இல்லாதவர்கள் பெர்மனென்ட். மற்றவர்கள் இருங்காட்டுக்கோட்டை அறையைக் காலி செய்துவிட்டு பஸ் ஏற வேண்டியதுதான். அன்று புதன்.

சுகப்பிரியா கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு இருவரையும் லைனுக்கு அழைத்துப் போய், பின்மூடியின் அளவு பார்க்கும் இரும்புச் சட்டத்தில், அவர்கள் ஜிக் என்று சொல்வதில், அதை வைத்தாள். டக். நல்ல பீஸ் உட்காரும்போது வருகிற அதே சத்தம். ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை.

அந்த ஜிக் வெளியுலகம் இன்னும் பார்க்காத ஒரு மாடலுக்கானது. சுகப்பிரியா மாரிசெல்வியின் பக்கம் திரும்பினாள்.

"எங்க கிடைச்சுது?"

"கேன்டீன் போற வழியில, புது பில்டிங்குக்குத் தோண்டுன மண்ணுல மேடம். பக்கத்துல பெரிய தாழி ஓடும் கெடந்துச்சு."

"எங்க ஊர் ஏரில மண்ணு எடுக்கச்சொல்ல கூட தாழி வந்துது மேடம்," என்றார் லூர்தம்மாள். "ரெண்டாயிரம் வருசத்து சாமான்னாங்க. தாசில்தாருக்கு சொல்லணும்."

சுகப்பிரியா கெட்டவள் அல்ல, மேலிடத்துக்குப் பயந்தவள். "சொல்லலாம். பில்டிங் வேலை நிக்கும். எடுத்தது யாருன்னு கேப்பாங்க, இவ பேரு போகும். புது மாடல் சைஸ்ல ஒரு பீஸ் கேட் தாண்டப் பாத்துச்சுன்னு ரிமார்க்கும் இவ பேர்லதான் ஏறும். இல்லேன்னா ஸ்கிராப்னு எழுதி கிரஷர்ல போட்டுடலாம். இந்த ஷேப்புல எது இருந்தாலும் நொறுக்கணும்னுதான் ரூல். மாரி, எடுத்தது நீ. நீயே சொல்லு."

மாரிசெல்வி ஜிக்கிலிருந்து கல்லை எடுத்தாள். இன்னும் கடைக்கு வராத ஒன்றின் அளவு தாழிக்குப் பக்கத்தில் கிடந்த கல்லுக்கு எப்படித் தெரிந்தது? அவள் அதைத் திருப்பினாள். விளிம்பில் ஓரிடம் மட்டும் வழுவழுவென்று பள்ளமாக இருந்தது. அவள் கட்டைவிரல் போய் அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. யாரோ இதை வருஷக்கணக்காகக் கையில் வைத்திருந்திருக்கிறார்கள்.

"ஸ்கிராப் மேடம்," என்றாள்.

படிவத்தில் குறை என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமல் கிரஷருக்கு எதுவும் போகாது. ஆறு மாதத்தில் ஒரு நல்ல பீஸைக்கூட அவள் தவறாகக் கழித்ததில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு அந்தக் கட்டத்தில் 'விளிம்பில் தேய்மானம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கழிபட்ட மூடிகள் நொறுங்கும்போது சலசலவென்று சத்தம் வரும். கல் கிரஷரின் பற்களில் ஒரே ஒரு தடவை கடிபட்டது, அவ்வளவுதான். லூர்தம்மாள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஒட்டிய பெர்மனென்ட் பட்டியலில் அவள் பெயர் ஏழாவதாக இருந்தது. அறைத் தோழிகள் கேன்டீனில் லட்டு வாங்கி வந்து வாயில் திணித்தார்கள். அவளுக்கு இனிக்கவில்லை. அன்று முழுக்க ஜிக்கில் மூடி டக் என்று உட்காரும்போதெல்லாம் பயமாக இருந்தது. எழுநூறு தடவை பயந்தாள்.

மூன்று மணிக்கு கேட். பை ஒழுங்காக மறுபக்கம் வந்தது. லூர்தம்மாள் அவளைத் தடவிச் சோதித்துவிட்டு வலது கையைப் பார்த்தார். விரல்கள் எதையோ பிடித்த மாதிரி மூடியிருந்தன.

"கையில இன்னாமா?"

மாரிசெல்வி விரித்துக் காட்டினாள். ஒன்றுமில்லை.

"போம்மா," என்றார் லூர்தம்மாள், அவள் முகத்தைப் பார்க்காமல்.

கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பென்னலூர் தாண்டும்போது குனிந்து பார்த்தாள். கை மறுபடி மூடியிருந்தது. கட்டைவிரல் அந்தப் பள்ளத்தைத் தேடிக்கொண்டிருந்தது.