அம்மாவின் வெள்ளைத் துணி

என் கணவர் நவ்ஃபலுக்கு உத்வேகம் வந்துவிட்டால் வீட்டில் எதுவும் மிஞ்சாது. பலகையில் சுண்ணாம்புச் சாந்து பூசுவார். அது காயும் முன் மணல், காப்பி மண்டி, துணி, நூல் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் ஒட்டி, மேலே வண்ணம் ஊற்றி, மறுநாள் பாதியைக் கத்தியால் சுரண்டி எடுப்பார். என் சன்னல் திரை அப்படித்தான் ‘கடல்’ என்ற படம் ஆனது. குஸ்குஸ் ரவை சலிக்கும் சல்லடை ‘பசி’ ஆனது. அன்று எங்களுக்கும் பசிதான். நவ்ஃபல் பொருள்களோடு பேசுகிறார் என்று துனிஸ் பத்திரிகைகள் எழுதுகின்றன. பேசட்டும். என் பொருள்களோடு ஏன் பேச வேண்டும்?

அப்பா போன பிறகு அம்மா எங்களோடு வந்து தங்கினாள். அவளுடைய சொத்து ஒரே ஒரு பெட்டி. அதன் அடியில் ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்த கஃபன் துணி, இறந்தபின் உடலைச் சுற்றி அடக்கம் செய்வதற்கான வெள்ளைத் துணி, ஜம்ஜம் நீரில் நனைத்து மக்கா வெயிலில் உலர்த்தியது. அங்கே ஒரே கூடாரத்தில் தங்கிய மற்றப் பெண்களின் துணிகளோடு கலந்துவிடாமல் இருக்க மூலையில் பச்சை நூல் கட்டியிருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் எடுத்து முகர்ந்து பார்ப்பாள்.

"எனக்கு இதைத்தான் சுத்தணும், மூஃபிதா. வேற எதுவும் வேணாம்."

அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

துனிஸை அடுத்த லா மர்சாவில் அவருடைய கண்காட்சி திறந்த மாலை, நடுச்சுவரில் பெரிய வெள்ளைப் படம் ஒன்று தொங்கியது. பெயர் ‘அமைதி’. சாந்துக்குள் பாதி புதைந்து, ஓரம் தீயில் கருகிய துணி. மூலையில் பச்சை நூல். நவ்ஃபலைப் பார்த்துக் கத்தினேன்.

"திருட்டுப்பயலே! அது செத்தா போத்துற துணிடா!"

கையில் கோப்பையோடு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நவ்ஃபல் என் முழங்கையைப் பிடித்தார்.

"மானத்த வாங்காதே. திருடலை. கேட்டேன், அத்தை குடுத்தாங்க. எத்தனையோ வெள்ளை வெச்சுப் பாத்தாச்சு, எல்லாம் வெள்ளையடிச்ச சுவராட்டம் இருந்துச்சு. கடைத் துணியில இந்த வெள்ளை வருமா?"

"பிச்சு எடு."

"சாந்து இறுகிருச்சு. எடுத்தா கிழியும்."

நான் தனியாக வீட்டுக்கு வந்தேன். அம்மா சமையலறையில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா குடுத்தே?"

"மாப்பிள்ளை கேட்டாரு." அவள் நிமிரவில்லை. "அவரு ரொட்டியத் தின்னுக்கிட்டு இல்லேன்னு எப்படிச் சொல்றது?"

"இது என் வீடும்தானே! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா சண்டை போடுவே. சண்டை முத்தினா நான் எங்கடி போறது?"

எனக்கு அழுகைதான் வந்தது. நாளைக்கே புதிதாக வாங்கித் தருகிறேன் என்றேன்.

அம்மா கையிலிருந்த தோலைக் கீழே போட்டாள். அவர் வேலை செய்யும் அறைக் கதவை ஒரு முறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"வாங்கு. ஆனா வெள்ளையா வாங்காதே. அவருக்குப் பிடிச்சிடும்."