என் வீட்டுக்காரருக்கு எதிரி கிடைத்த கதை

எதிரியை நேசிப்பதுதான் கிறிஸ்துவின் அன்பு என்று போதகர் ஒன்றரை மணி நேரம் பிரசங்கம் செய்த ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுக்காரரைப் பெரிய கவலை பிடித்துக்கொண்டது. நேசிக்க ஒரு எதிரிகூட இல்லையே! மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், ஊருக்கெல்லாம் நல்லவர். வாடிக்கையாளர் திட்டினாலும் சிரித்துக்கொண்டே பிரேமைத் துடைத்துக் கொடுப்பார். அந்தக் கோபமெல்லாம் பத்திரமாக வீட்டுக்கு வந்து சேரும்.

திங்கள் முழுக்க யோசித்தார். செவ்வாய்க்கிழமை காலையில் முகம் மலர்ந்தது.

"உன் தம்பி இருக்கான்ல!"

இருக்கிறான். இவர் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவன், பதினொரு வருஷத்துக்கு முன்னால் நாலு தெரு தள்ளித் தனிக்கடை போட்டான். அதுதான் குற்றம். அன்றிலிருந்து அவன் எங்கள் வாசற்படி மிதிக்கக் கூடாது, நான் அவன் கடைப்பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. எனக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். அவனோடு பேசாமல் நெஞ்சு கனத்துப்போய்க் கிடந்தேன். எப்படியாவது வீட்டுக்கு வந்தால் சரி என்று வாயை மூடிக்கொண்டு, மன்னிக்கப் போகிறவருக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

சாட்சிக்கு என்னையும் போதகரையும் கூட்டிக்கொண்டார். வழியெல்லாம் தொண்டையைச் செருமிச் சரிபார்த்தபடி நடந்தார். நாங்கள் போனபோது தம்பி குனிந்து, கடுகளவு திருகாணி ஒன்றை பிரேமில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"உன்னை மன்னிச்சுட்டேன்" என்றார் இவர், தெருவுக்கே கேட்கும்படி.

"எதுக்கு மாமா?"

"என் கடையை விட்டுட்டுப் போனியே, அதுக்கு."

"அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன் மாமா. உக்காருங்க. அக்கா, நீயும் உக்காரு."

இவருக்கு முகம் கறுத்தது. "மறந்துட்டியா? நீ மறந்துட்டா நான் எதை மன்னிக்கிறது? முதல்ல தப்புன்னு ஒத்துக்கோ!"

தம்பி என் முகத்தைப் பார்த்தான். திருகாணியைக் கீழே வைத்தான்.

"தப்புதான் மாமா. மன்னிச்சுடுங்க."

செய்யாத தப்பை எனக்காக ஒத்துக்கொண்டான். போதகர் மெல்ல "ஆமென்" என்றார். விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். இவர் விட்டால்தானே!

"ஞாயித்துக்கிழமை சபையில மைக்கைப் பிடிச்சு இதையே எல்லார் முன்னாடியும் சொல்லு. அப்புறம் வீட்டுக்கு வரலாம்."

அதற்கும் தலையாட்டப் போனான் அந்த அசடு. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ எங்கயும் வந்து எதையும் சொல்ல வேணாம். இனிமே நான் இங்க வருவேன். தினமும் வருவேன்."

"அன்பைப் பத்தி உனக்கு என்னடி தெரியும்?" என்று பாய்ந்தார் இவர்.

"எதிரியை எப்படி நேசிக்கிறதுன்னு என்னைக் கேட்டிருந்தா வீட்டுலயே சொல்லியிருப்பேனே. பதினொரு வருஷமா அதைத்தான் பண்ணிட்டிருக்கேன்."

போதகருக்குத் திடீரென்று இருமல் வந்தது. இவர் போவதா இருப்பதா என்று தெரியாமல் வாசலில் நின்றார்.

நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"தம்பி, டீ சொல்லு. எதிரிக்கும் சேர்த்துச் சொல்லு."