எண்ணூர்க் குப்பத்தில் கஞ்சி வார்த்த வைபவம்

புயல் ஓய்ந்த பிறகுதான் இராயபுரத்துப் பெரிய மனிதர்களுக்கு எண்ணூர் என்று ஓர் ஊர் இருப்பது நினைவுக்கு வந்தது. அதுவரை அவரவர் வீட்டு ஓட்டைப் பொறுக்கி அடுக்குவதில் மும்முரமாக இருந்தார்கள். ஓடு அடுக்கி முடிந்ததும் இரக்கம் பிறந்தது. இரக்கம் பிறந்தால் சங்கமும் பிறக்க வேண்டும் அல்லவா? 'இராயபுரம் புயற்சேத பரோபகார சகாய சங்கம்' பிறந்தது. பெயரின் நீளம் காரணமாக அதை எழுதிய துணி, லாரியின் ஒரு பக்கத்தில் தொடங்கி, பின்பக்கம் சுற்றி, மறுபக்கத்தில் போய் முடிந்தது. முழுவதும் படிக்க விரும்பியவர்கள் லாரியைப் பிரதட்சிணம் செய்ய வேண்டியிருந்தது.

தலைவர் கோதண்டம். கல்மண்டபத்துப் பக்கம் விறகுத்தொட்டி வைத்திருப்பவர். கார்ப்பரேஷன் தேர்தல் வரப்போகிறது என்று காதில் விழுந்த நாளிலிருந்து கதர் உடுத்துகிறார். கதர் இன்னும் அவரோடு பழகவில்லை. உட்கார்ந்தால் ஒரு பக்கம், எழுந்தால் ஒரு பக்கம் மொடமொடவென்று முறைத்துக்கொண்டு நின்றது.

புயலில் அவர் தொட்டியின் தகரக் கூரை பறந்துபோய், சவுக்கு விறகு வண்டி வண்டியாகத் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. வாங்க ஆள் இல்லை. அந்த விறகைத்தான் கோதண்டம் தருமத்துக்குக் கொடுத்தார். அதற்கு நன்றி சொல்லும் தீர்மானத்தைத் தாமே எழுதி, தாமே படித்து, கூச்சத்தோடு தலையும் குனிந்துகொண்டார்.

அரிசியை வண்ணாரப்பேட்டை மண்டிக்காரர்கள் கொடுத்தார்கள். காய்ச்சுவதற்கு அங்கிருந்தே அத்தாவுல்லா பாய் வந்தார். கல்யாண பிரியாணிக்குப் பேர்போன கை. கஞ்சிக்கு அழைத்ததில் அவருக்கு உள்ளூர ஒரு குறை. ஆனாலும் பசித்தவன் வயிறு என்றதும் கூலி பேசாமல் கரண்டியோடு லாரியில் ஏறிவிட்டார்.

திருவொற்றியூர் தாண்டியதும் பேச்சு நின்றது. சவுக்குத் தோப்புகள் ஒரே பக்கமாக, சீப்பு போட்டு வாரியதுபோல் படுத்துக் கிடந்தன. பனைகளுக்குத் தலை இல்லை. உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே இருந்த வரப்பு எது என்று தெரியவில்லை. கோதண்டம் மட்டும் விழுந்த சவுக்கையெல்லாம் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அது இரக்கமா, வியாபாரமா என்று பக்கத்தில் இருந்தவர்களால் சொல்ல முடியவில்லை.

அதே வேளையில், குப்பத்துக்கு வடக்கே முகத்துவாரத்து மணலில், மீனவன் அம்புரோஸ் தன் கட்டுமரத்தின் நடுமரத்தைக் கண்டுபிடித்துவிட்டான்.

கட்டுமரத்தை யாரும் கட்டியபடியே கரையில் வைப்பதில்லை. கடலிலிருந்து வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே உருட்டி வெயிலில் போடுவார்கள். மறுநாள் மறுபடி கட்டுவார்கள். கட்டியிருந்தால்தான் அது கட்டுமரம். அவிழ்த்துப் போட்டால் தெரியாதவன் கண்ணுக்கு வெறும் கட்டை. புயலன்று கடல் குப்பத்துக்குள் வந்து அந்தக் கட்டைகளை வாரிக்கொண்டு போயிற்று. அம்புரோஸ் தன்னுடையவற்றில் ஒன்றைத் தாழம்புதரிலும், ஒன்றை உப்பளத்திலும், ஒன்றைப் பக்கத்துக் குப்பத்திலும் தேடி எடுத்துவிட்டான். எல்லாவற்றிலும் பருமனான நடுமரம் மட்டும்தான் பாக்கி. அது இல்லாமல் மற்ற மூன்றும் இருந்து பயன் இல்லை.

புயலுக்குப் பின் மீன் கரையோரம் வரும். மறுநாள் விடிந்தால் எல்லோரும் கடலில் இறங்குவதாகப் பேச்சு.

அரைவாசி புதைந்திருந்த மரத்தை அவன் தனியாளாய்த் தூக்க முடியாது. தலைத்துணியை அவிழ்த்து, கயிறு போகும் துளையில் கோத்து, முடிச்சுப் போட்டான். கரை ஒதுங்கிய பொருளில் துணி கட்டியிருந்தால், சொந்தக்காரன் ஆள் கூட்டிவரப் போயிருக்கிறான் என்று பொருள். அந்தக் கரையில் எந்தக் குப்பத்து ஆளும் அதைத் தொடமாட்டான். திருடன்கூடத் தொடமாட்டான், அவனும் ஏதோ ஒரு குப்பத்து ஆள்தானே.

மூச்சு வாங்க ஓடிவந்தவனை மனைவி பிலோமி வழியிலேயே பிடித்துக்கொண்டாள்.

"கெட்ச்சிடுச்சி பிலோமி! நடுமரம் கெட்ச்சிடுச்சி!"

"மாதாவே! எங்க கீது?"

"மொகத்துவாரத்தாண்ட. பாதி பொதஞ்சிகீது, தூக்க நாலு தோளு வோணும். எங்க, ஒருத்தனயும் காணோம்?"

"அல்லாரும் கோயிலாண்ட கஞ்சிக்கு நிக்கிறானுங்க. நீயும் வா."

"மரத்த தூக்கியாந்துட்டு வர்றேன்."

"வவுறு ஒட்டிப்போய்க் கீற, இன்னாத்த தூக்குவ? துணி கட்டினியா?"

"கட்டினேன்."

"அப்புறம் இன்னா? கால் மொளச்சி ஓடிடுமா? மொதல்ல குடி, அப்பால தூக்கு." அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கூரை பறிபோன மாதா கோயிலுக்கு முன்னால் குப்பமே வரிசையில் நின்றது. சங்கத்துத் தொண்டர் ஒருவர் அம்புரோஸை மேலும் கீழும் பார்த்தார். சட்டையில்லாத உடம்பு, எண்ணிவிடக்கூடிய விலா எலும்பு. சங்கம் எடுக்கப்போகும் புகைப்படத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டான். "நீ முன்னால வாப்பா" என்று வரிசையின் தலையில் நிறுத்திவிட்டார். அம்புரோஸுக்கு அது மரியாதையாகப் பட்டது. மரியாதை செய்தவர்கள் முன்னால் நழுவிப் போவது எப்படி?

லாரிக்குப் பின்புறம், காற்றுக்கு மறைவாக, அடுப்பு மூட்டியிருந்தார்கள். மூட்டியிருந்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. புகை இருந்தது, நெருப்பு இல்லை.

"மொதலாளி, இது வெறகா, கரும்பா? புழிஞ்சா சொம்புத் தண்ணி வருது" என்றார் அத்தாவுல்லா பாய். கண் இரண்டும் சிவந்து வழிந்தன.

"சவுக்கப் பத்தி எனக்கே சொல்றியா பாயி? எங்க தாத்தா காலத்துலேர்ந்து வெறகு பாக்கறோம். நல்லா ஊதணும்."

"காலைலேர்ந்து ஊதிகினுதான் கீறேன். இன்னும் ஊதினா என் உசுருதான் பத்திக்கும்."

தம் தருமம் எரியவில்லை என்பது கோதண்டத்துக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, ஈர விறகு என்று ஊருக்குத் தெரிந்துவிடக் கூடாது. தொண்டர்களை நாலா பக்கமும் காய்ந்த கட்டை தேட அனுப்பினார். முகத்துவாரத்துப் பக்கம் போன நால்வர் பருத்த கட்டை ஒன்றைத் தோளில் சுமந்து, வரிசையின் கண்ணில் படாமல் லாரிக்குப் பின்னால் கொண்டுவந்து போட்டார்கள். கோதண்டம் தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தியா! நல்லா காஞ்ச மரம், லேசு. எங்கியோ காட்டுல விழுந்து ஆத்தோட வந்திருக்குது. ஏழைங்க பசின்னா கடவுளே வெறகு அனுப்பறான்."

பாய் குனிந்து பார்த்தார். "இதுல எவனோ துணி கட்டிவெச்சிக்கீறான், மொதலாளி."

"புயல்ல பறந்துவந்து சுத்திகினிருக்கும்."

"காத்து முடிச்சு போடுமா?"

"கஞ்சி காய்ச்ச வந்தியா, கேள்வி கேக்க வந்தியா?"

பாய் ஆட்டிறைச்சியில் எந்த எலும்பு எங்கே இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கடலோடு அவருக்குப் பழக்கம் இல்லை. பானையைப் பார்த்தார், அப்பால் வரிசையைப் பார்த்தார், அரிசி களையப் போனார். தொண்டர் ஒருவர் அந்தத் துணியை அவிழ்த்துக் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். கோடரி எழுந்தது.

அது பிளந்து, எரிந்து, அரிசி வேகும்வரை ஜனங்களை நிறுத்தி வைக்க வேண்டுமே. கோதண்டம் கோயில் படியில் ஏறினார். இராயபுரத்திலிருந்து கையோடு கொண்டுவந்த மாலையைத் தொண்டர்கள் அவருக்கே போட்டார்கள். புயலடித்த பூமியில் பூவுக்கு எங்கே போவது என்ற முன்யோசனை.

"மகாஜனங்களே! காற்று என்பது யாது?" என்று ஆரம்பித்தார்.

வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். "காத்துன்னா இன்னான்னு நம்மளயே கேக்கறாரும்மே. அன்னிக்கி வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

காற்று பஞ்சபூதங்களில் ஒன்று என்றார் கோதண்டம். பிறகு மற்ற நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். நிலத்தைப் பற்றிச் சொல்லும்போது லாரிக்குப் பின்னாலிருந்து கோடரிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அம்புரோஸுக்கும் அது நன்றாகவே கேட்டது. ரோட்டில் விழுந்த மரத்தை வெட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். பாவம், லாரி திரும்பிப்போக வழி வேண்டாமா?

"நான் நைசா போய் வந்துடட்டா?" என்று பிலோமியிடம் கிசுகிசுத்தான்.

"சும்மா நில்லு. மொத ஆளே ஓடினா இன்னா நெனச்சிக்குவாங்க?"

நின்றான். கோதண்டம் நெருப்பின் பெருமைக்கு வந்து சேர்ந்தபோது, காற்று திசைமாறி ஒரு வாசனை வந்தது. உப்பும் மீனும் சேர்ந்து கருகும் வாசனை. வரிசை முழுவதும் மூக்கை உயர்த்தியது.

"டேய், கருவாடு சுடறாங்கடா!"

"கஞ்சிக்குக் கருவாடா? மகராசனுங்க!"

"பேசினா பேசிட்டுப் போறாரு, கருவாடு கீதில்ல!"

புயலுக்குப் பிறகு அந்தக் குப்பத்தில் முதல் முறையாகச் சிரிப்பு கேட்டது. தம் பேச்சுக்குத்தான் என்று கோதண்டம் மாலையைச் சரிசெய்துகொண்டார்.

அம்புரோஸ் சிரிக்கவில்லை. வருஷக்கணக்காக மீனும் உப்பும் ஊறின ஒரே ஒரு பொருளைத்தான் அவனுக்குத் தெரியும். வரிசையை விட்டு ஓடினான்.

"யாரப்பா அது, ஒழுங்கு வேண்டாமா?" என்று கோதண்டம் படியிறங்கி, மாலையும் கதரும் மொடமொடக்கப் பின்னாலேயே வந்தார்.

நடுமரத்தின் பின்பாதி சிலாம்பு சிலாம்பாகப் பிளந்து எரிந்துகொண்டிருந்தது. அலையைக் கிழிக்கச் செதுக்கிய வளைந்த முன்பாதி மட்டும் முழுசாக அடுப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அம்புரோஸ் அதைக் கட்டிக்கொண்டு வெளியே இழுத்தான். வந்தது. பாதிதான் வந்தது.

"இது என்னுதுய்யா" என்றான். கத்தவில்லை. "துணி கட்டிட்டுத்தானே வந்தேன்."

பாய் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா. முடிச்சு இருந்திச்சு மொதலாளி, சொன்னேனே."

கோதண்டத்துக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. துளைகளைப் பார்த்தார், செதுக்கலைப் பார்த்தார், தொண்டரின் கழுத்தில் கிடந்த துணியையும் பார்த்தார். புரிந்ததும், வழக்கம்போல் வாரி வழங்கினார்.

"இதுக்குப் போயா? நம்ம தொட்டிலேர்ந்து ரெண்டு வண்டி அனுப்பறேன். முத்தின சவுக்கு. மேல காஞ்சி இருக்கறதா பாத்து எடுத்துக்கோ."

"சவுக்கு தண்ணில முழுகிடும், நைனா."

"அப்ப... மீதி மூணு வெச்சிகினு..."

"மூணு சக்கரத்துல உன் லாரி ஓடுமா?"

"வேற எங்க கெடைக்கும், சொல்லு. நான் வரவழைக்கறேன்."

"மலையாளக் கரைலேர்ந்து வரணும். இந்தக் காத்துல எத்தினி பேரு மரம் போச்சி! அல்லாரும் அதுக்குத்தான் நிப்பான். இந்த வருஷம் மீனு போச்சி, அவ்ளோதான்."

கோதண்டத்துக்கு என்ன தோன்றியதோ, பக்கத்தில் இருந்த குடத்தைத் தூக்கினார். "அணைச்சிடு பாயி! அடுப்ப அணைச்சிடு!" எரிந்து போனதை அணைத்து மீட்டுவிடலாம் என்று நினைத்தாரோ, இல்லை, அந்த வாசனை நின்றால் போதும் என்று நினைத்தாரோ. குடம் சாய்ந்து தண்ணீர் கதரில்தான் கொட்டியது.

அம்புரோஸ் குடத்தைப் பிடித்துக்கொண்டான்.

"வாணாம். அரிசி பாதி வெந்துகீது. இப்ப அணச்சா மரமும் இல்ல, கஞ்சியும் இல்ல. புள்ளைங்க நிக்குதுங்க."

கையில் இருந்த முன்பாதியை ஒருமுறை திருப்பிப் பார்த்தான். பிறகு தானே அதை அடுப்புக்குள் செருகி, குதிகாலால் தள்ளினான்.

"இன்னா பாத்துகினு கீற பாயி? ஊது."

பாய் ஊதினார். ஊதத் தேவையே இல்லை, நன்றாகத்தான் எரிந்தது.

பஞ்சபூதங்களைப் பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடியவர்தான் கோதண்டம். ஆனால் பேச்சு அவருக்கு எப்போதும் மேடை ஏறினால்தான் வரும். மன்னிப்புக்கு மேடை கிடையாது. மாலையைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அன்று குப்பத்தில் எல்லோரும் வயிறார உண்டார்கள். கருவாடு வரவில்லை என்று சிலருக்குக் குறை. அத்தாவுல்லா பாய் முதலாளிக்கும் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தார். நாலு பேர் பார்க்கும்போது கோதண்டத்தால் அதைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கடைசியில் விழுங்கினார்.

பிலோமிக்கு விஷயம் தெரிந்ததும், வாங்கிய கஞ்சியைத் தரையில் வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாந்தான்யா உன்ன கையப் புட்ச்சி இஸ்துகினு வந்தேன். நீ அப்பவே போறேன்ன. நாந்தான்..."

"நீ இன்னா பண்ணுவ? நானும்தான் நின்னேன். வெட்டுற சத்தம் கேட்டுகினே நின்னேன்." கிண்ணத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தான். "குடி. ஆறிடும்."

லாரி திரும்பும்போது, வைபவம் இனிது நிறைவேறியதாக ஒரு தீர்மானம் எழுதலாமா என்று தொண்டர் ஒருவர் கேட்டார். கோதண்டம் விழுந்த சவுக்குகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். இந்த முறை பெருமூச்சு விடவில்லை.

மறுநாள் விடியும்போது கடல் குளத்துத் தண்ணீர்போல் இருந்தது. மரங்களைக் கட்டி முடித்தவர்கள் ஒவ்வொருவராக இறக்கினார்கள். அம்புரோஸ் எல்லா மரத்துக்கும் தோள் கொடுத்தான். யாரும் கூப்பிடவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. யாரும் அவன் முகத்தையும் பார்க்கவில்லை. ஒன்றைத் தள்ளிவிட்டு அடுத்ததற்கு ஓடினான். கடைசி மரமும் அலையைத் தாண்டிப் போயிற்று.

"வாய்யா, குளிருது" என்று கரையிலிருந்து பிலோமி கூப்பிட்டாள்.

தள்ளுவதற்கு இனி எதுவும் இல்லாமல், அவன் இடுப்பளவு தண்ணீரிலேயே நின்றுகொண்டிருந்தான்.