ஆளுக்கு இருபத்திரண்டு மணி நேரம்

உஷாராணியின் கழுத்தில் தாலி ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் அவளுடைய தேனிலவை இரண்டு பேர் மைக்கில் பங்கு போட்டுவிட்டார்கள்.

1994 ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மலாக்காவில் நியாலாஸ் பக்கம் ஒரு தோட்டத்து மண்டபம். இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தபோது மாப்பிள்ளை கணேஸ்வரனின் தாய்மாமன் சாமிக்கண்ணு மேடையேறினார். லங்காவித் தீவில் கடற்கரை விடுதி ஒன்றில் பதினோரு வருடமாகச் சமையல் பார்ப்பவர்.

"என் மருமவனுக்கும் அவன் சம்சாரத்துக்கும் லங்காவியில கடலப் பாத்த ரூமு. ஹனிமூன் முழுக்க என் பொறுப்பு," என்றார். கூட்டம் கைதட்டியது.

தட்டி ஓய்வதற்குள் உஷாராணியின் அண்ணன் முனியாண்டி மைக்கை வாங்கிவிட்டான். அவனுக்குத் தியோமான் தீவில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் வேலை. "பெரியவரு சொன்னது சந்தோசம். ஆனா என் தங்கச்சி தியோமானுக்குத்தான் வருவா. ரூமு சொல்லி மூணு வாரமாச்சு," என்றான். கூட்டம் அதற்கும் கைதட்டியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை எச்சிலாக இருந்ததால் இடது கையால் மேசையைத் தட்டினார்கள்.

தியோமான் கிழக்குக் கடலில் கிடக்கிறது. லங்காவி வடமேற்கு மூலையில், தாய்லாந்தை ஒட்டி. இரண்டுக்கும் நடுவில் ஒரு தேசமே படுத்திருக்கிறது. கணேஸ்வரனுக்குக் கிடைத்திருந்ததோ திங்கள் முதல் வெள்ளிவரை ஐந்தே நாள் லீவு. சனிக்கிழமை காலை அவன் வேலைக்குத் திரும்பியாக வேண்டும்.

அன்று சாயங்காலம் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசினார்கள். "உங்கப்பா போனதுக்கப்புறம் உன்னப் படிக்க வெச்சது எந்தம்பி. அவன் மொகத்துல கரி பூசிராத," என்றாள் மாமியார் கருப்பாயி, தன் மகனிடம். "நாளைக்கு ஒரு புள்ள பொறந்தா மடியில வெச்சுக் காது குத்தப் போறது எம்மவன்தான்," என்றாள் உஷாராணியின் அம்மா. இரண்டுமே மறுக்க முடியாத பேச்சு. எந்தத் தீவுக்குப் போக ஆசை என்று உஷாராணியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் தூங்க ஆசை என்றிருப்பாள். கல்யாணத்துக்கு முந்தின நாள்வரை மலாக்காவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்தவள்.

முடிவைக் கணேஸ்வரன் சொன்னான். அவன் செம்பனை எண்ணெய் ஆலையில் லாரி எடை போடும் தராசின் கிளார்க். குலை ஏற்றிய லாரி உள்ளே வந்தால் ஒரு எடை, காலியாக வெளியே போனால் ஒரு எடை. பத்து கிலோ அப்படி இப்படிப் போனாலும் அவனுக்குச் சோறு இறங்காது. ஒரு காகிதத்தில் பஸ், படகு நேரங்களை எல்லாம் எழுதிக் கூட்டிக் கழித்தான்.

"தியோமான்ல செவ்வாக்கெழம மத்தியானம் ஒரு மணியிலருந்து புதன்கெழம பதினொன்னு வரைக்கும். லங்காவியில வியாழன் பதினொன்னுலருந்து வெள்ளி காலையில ஒம்பது வரைக்கும். ஆளுக்கு இருபத்திரண்டு மணி நேரம். மத்ததெல்லாம் பஸ்ஸு."

இரண்டு பக்கமும் காகிதத்தை வாங்கி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்கள். சாமிக்கண்ணு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். "எப்பலருந்து கணக்கு? கண்ணுக்குத் தீவு தெரியும்போதா, கரையேறும்போதா?"

"படகு நிக்கிற ஜெட்டிப் பலகையில கால் வெச்சதுலருந்து," என்றான் கணேஸ்வரன். அதுவும் எழுதப்பட்டது.

உஷாராணி அன்றைக்குத்தான் தன் புருஷனைச் சரியாகப் பார்த்தாள். நல்ல மனிதர்தான், ஆனால் இவரோடு ஒரு தேங்காயைப் பங்கு போடுவது சிரமம் என்று அவளுக்குத் தோன்றியது.

திங்களன்று, தியோமானுக்குப் படகு ஏறும் மெர்சிங் போய்ச் சேர்ந்தார்கள். செவ்வாய் காலை ஜெட்டிக்குப் போனால் கடல் வற்றிக் கிடந்தது. நீர் ஏறினால்தான் படகு புறப்படும் என்று சொல்லிவிட்டார்கள். கணேஸ்வரன் சேற்றையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். உஷாராணி வேர்க்கடலை வாங்கித் தின்றாள். ஒருவழியாகத் தியோமானில் இறங்கும்போது மணி மூன்று பத்து.

முனியாண்டி ஜெட்டியில் காத்திருந்தான். தங்கச்சியைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "ரெண்டு மணி பத்து நிமிசம் போச்சு," என்றுதான்.

மீதியிருந்த நேரத்துக்குள் அவன் தியோமான் முழுவதையும் காட்ட முயன்றான். அருவிக்குக் கூட்டிப்போனான். அங்கே பத்து நிமிடம். மீன் பார்க்கும் இடத்தில் பதினைந்து. அவன் பழுது பார்த்த எஞ்சின்கள் ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு போட்டோ. சாப்பாட்டில் கணவாய் வந்தது. மெல்ல நேரமாகும் என்று அதை எடுத்துவிட்டு இறால் வைத்தான். மறுநாள் காலை உஷாராணி மணலில் சும்மா உட்கார்ந்தபோது, "என்னம்மா வேஸ்ட் பண்ற," என்றான்.

புறப்படும்போது அவன் கணேஸ்வரனின் கையைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், இங்க பத்தொம்பது மணி அம்பது நிமிசந்தான் ஆச்சு. கடல் வத்துனதுக்கு நான் என்ன பண்ண? லங்காவியிலயும் அதேதான் இருக்கணும். ஒரு நிமிசம் கூடக்கூடாது. நான் போன் போட்டுக் கேப்பேன்."

கணேஸ்வரன் யோசித்தான். நியாயமாகத்தான் பட்டது. கையடித்துச் சத்தியம் செய்துகொடுத்தான்.

புதன் பகலும் இரவும் பஸ்ஸிலேயே கழிந்தது. அவர்கள் பேசிக்கொண்டது குறைவு. கணேஸ்வரன் தூங்கினால் மாற்று பஸ்ஸைத் தவறவிடுவோம் என்று விழித்தே இருந்தான். சனிக்கிழமையிலிருந்தே அவன் கண்மூடவில்லை என்பது உஷாராணிக்கு ஈப்போவைத் தாண்டும்போதுதான் உறைத்தது.

வியாழன் பதினொரு மணிக்கு லங்காவி ஜெட்டியில் கால் வைத்தார்கள். சாமிக்கண்ணு மாலையோடு நின்றார். விடுதிக்குப் போய்ச் சாப்பாட்டில் உட்கார்ந்ததும் கணேஸ்வரன் சத்தியத்தைப் பற்றிச் சொன்னான். பெரியவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அவன் கடல் வத்துனா எங்கடலும் வத்தணுமா?"

"கையடிச்சிக் குடுத்துட்டேன் மாமா."

"படகு காலையில ஒம்பது மணிக்குத்தான். ரெண்டு மணி பத்து நிமிசம் எங்க போயி நிப்ப? தண்ணியிலயா?"

கோபத்தில் கேட்டதுதான். ஆனால் கேட்டு முடித்ததும் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வேறு வழி யாருக்கும் தெரியவில்லை.

அப்படித்தான் அன்று மத்தியானம் மூன்று மணிக்கு, கல்யாணமாகி நாலு நாளான தம்பதி, பாக் ஹமீது என்ற மீனவரின் சம்பான் படகில் ஏற்றப்பட்டுக் கரையிலிருந்து முப்பது கெஜம் தள்ளி நிறுத்தப்பட்டார்கள். படகின் மூக்கில் கட்டிய கயிற்றின் மறுமுனை கரையில் ஒரு தென்னையைச் சுற்றியிருந்தது. சாமிக்கண்ணு குடை பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றார். ஐந்து மணி பத்துக்கு இழுத்துக்கொள்வதாக ஏற்பாடு. ஒரு பொட்டலம் வாழைப்பழ பஜ்ஜியும் கொடுத்திருந்தார். பட்டினி போட்டுவிட்டதாக நாளைக்கு யாரும் சொல்லிவிடக்கூடாது.

கரையில் போன வெள்ளைக்காரர்கள் சிலர் கையசைத்தார்கள். உஷாராணியும் பதிலுக்குக் கையசைத்தாள். பட்டுச் சேலை வேறு. மாமா மாலையைக் கழற்றவேண்டாம் என்றிருந்தார்.

கால் மணி நேரம் போயிருக்கும். விடுதியிலிருந்து ஒருவர் வந்து சாமிக்கண்ணுவிடம் ஏதோ சொன்னார். தியோமானிலிருந்து போன். பெரியவர் குடையை மடக்கிக்கொண்டு வேகமாக நடந்தார்.

கணேஸ்வரன் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க?"

"ஒன்னுமில்ல. இந்தக் கயிறு."

"கயிறுக்கென்ன?"

"லாரியோட ஒரு டயரு தராசு மேல இருந்தாக்கூட எடை காட்டும். நம்ம கயிறு மரத்துல இருக்கு. மரம் தீவுல இருக்கு. அப்பறம் நாம வெளிய இருக்கோம்னு எப்படிச் சொல்றது? உங்கண்ணன் கேட்டா நான் என்ன பதில் சொல்வேன்?"

அவன் கேலி பேசவில்லை. முகம் வாடி, கண்ணுக்குக் கீழே கருத்து, உதடு வெடித்து உட்கார்ந்திருந்தான். பங்கு சரியாக வரவேண்டும் என்ற ஆசையால் இவர் இப்படி அலையவில்லை, யாராவது ஒருவர் மனம் நோகுமே என்ற பயந்தான் இவரைப் பிடித்து ஆட்டுகிறது என்று உஷாராணிக்கு அந்த நேரத்தில் புரிந்தது. கோபமும் வந்தது, இரக்கமும் வந்தது. அவள் எழுந்து, ஆடும் படகில் சேலையைச் செருகிக்கொண்டு மூக்குப் பக்கம் போய், கயிற்றின் முடிச்சை அவிழ்த்துக் கடலில் போட்டாள்.

"இப்ப வெளிய இருக்கோம் லா," என்றாள்.

நீரோட்டம் அவர்களை மெல்ல எடுத்துக்கொண்டது. படகில் ஒரு துடுப்பு கிடந்தது. கணேஸ்வரன் போட்டான். படகு இரண்டு முறை வட்டமடித்துவிட்டு, அவன் போடாமலிருந்தபோது எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கமே போனது. பிறகு துடுப்பை உள்ளே வைத்துவிட்டான். அரை மணியில் எதிரே இருந்த ஒரு சின்னத் தீவின் மணலில் படகு முட்டி நின்றது.

தீவு என்று சொல்வதே அதிகம். நாலு பாறை, கொஞ்சம் புதர், ஒரு லாரி திரும்பும் அளவுக்கு மணல். இருவரும் இறங்கிப் படகை மேலே இழுத்துப் போட்டார்கள்.

"இது யாரு கணக்குல சேரும்?" என்றான் கணேஸ்வரன்.

"யாரு கணக்குலயும் சேராது. படுங்க."

அவள் மாலையைக் கழற்றித் தலைமாட்டுக்கு வைத்தாள். அவன் படுத்தான். ஏதோ கேட்க வாயெடுத்தவன் பாதிச் சொல்லிலேயே தூங்கிப்போனான். குறட்டை நல்ல கனம். உஷாராணி பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டினாள். யாரும் எதையும் காட்டவில்லை. புதரிலிருந்து ஓர் உடும்பு வந்து, அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, பஜ்ஜிப் பொட்டலத்தைக் காகிதத்தோடு தின்றது. அவள் விரட்டவில்லை. வெயில் தணிந்து நிழல் நீளும்வரை புருஷனின் முகத்தையும் கடலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் நடந்திருப்பதை அவள் மனம் அப்போதுதான் ஒத்துக்கொண்டது.

பாக் ஹமீது இன்னொரு படகில் தேடி வந்து இழுத்துப்போய்க் கரையில் விட்டபோது மணி ஏழே கால்.

சாமிக்கண்ணு அழுதிருந்தார். பத்திரமாக வந்துவிட்டதைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலே கால் மணி நேரம் வெளிய போயிட்டீங்க. இப்ப எனக்குப் பதினேழே முக்காதான் வருது. அவனுக்குப் பத்தொம்பது அம்பது. எனக்கு ரெண்டு மணி அஞ்சு நிமிசம் பாக்கி. நாளைக்கு ஒம்பது மணிப் படகுல போகவிட மாட்டேன் மருமவனே."

ஒன்பது மணிப் படகை விட்டால் பஸ் போகும். பஸ் போனால் சனிக்கிழமை வேலை போகும். கணேஸ்வரன் சட்டைப்பையில் காகிதத்தைத் தேடினான். அப்போது மறுபடி போன். முனியாண்டி. உஷாராணி யாரையும் கேட்காமல் தானே போய் எடுத்தாள். பெரியவர் பின்னாலேயே வந்து பக்கத்தில் நின்றார்.

"அண்ணே, உனக்குப் பத்தொம்பது அம்பது. மாமாவுக்குப் பதினேழே முக்கா. நடுவுல ஒரு சின்னத் தீவு, அதுக்குப் பேரு தெரியல, அங்க போயி வர நாலு மணி நேரம் ஆயிருச்சு."

அந்தப் பக்கம் முனியாண்டி முணுமுணுத்துக் கணக்குக் கூட்டினான். பிறகு, "அங்க யாரு ரூமு போட்டது?" என்று கேட்டான்.

"யாரும் போடல. ரூமே இல்ல."

"சாப்பாடு?"

"இல்ல. கொண்டுபோனத உடும்பு தின்னுருச்சு."

"அப்பறம் எதுக்கு அங்க போயி நாலு மணி நேரம்?"

"நல்லா இருந்துச்சு."

முனியாண்டி மூச்சை இழுத்து விடுவது கேட்டது. "போனப் பெரியவருகிட்ட குடு," என்றான்.

சாமிக்கண்ணு வாங்கினார். கல்யாண மேடைக்குப் பிறகு இருவரும் மரியாதையாகப் பேசியது அதுதான் முதல் முறை. "கேட்டியாப்பா," என்றார். "ஆமா, கடலப் பாத்த ரூமு. புது மெத்த. ஆமாப்பா, உன் எறாலச் சொன்னாங்க. என்ன பண்ணியும் பிரயோசனமில்ல. ஒரு பொட்டல் தீவு நம்ம ரெண்டு பேரையும் தோக்கடிச்சிருச்சு." நெடுநேரம் பேசினார்கள். வைத்தபோது அவருக்குப் பாக்கி மறந்துபோயிருந்தது, அல்லது கேட்கப் பிடிக்கவில்லை. காலையில் அவரே ஜெட்டிவரை வந்து ஒன்பது மணிப் படகில் ஏற்றிவிட்டார். கணேஸ்வரன் சனிக்கிழமை வேலைக்குப் போனான்.

அதன் பிறகு லங்காவிக்கும் தியோமானுக்கும் வாரம் ஒரு போன் என்று ஆகிவிட்டது. முனியாண்டி அவரைப் பெரியப்பா என்று கூப்பிட ஆரம்பித்தான். தீபாவளிக்கு இருவரும் பேசிவைத்து ஒரே டாக்சியில் நியாலாஸ் வந்து இறங்கினார்கள். ஆட்டுக்கறிக் குழம்பும் இட்லியுமாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உஷாராணி மூன்றாவது முறை குழம்பு ஊற்றும்போது சாமிக்கண்ணு முனியாண்டியைப் பார்க்க, முனியாண்டி தொண்டையைக் கனைத்தான்.

"ஏம்மா, நானும் பெரியப்பாவும் ரொம்ப நாளா யோசிக்கிறோம். அந்தத் தீவுல என்னதான் இருந்துச்சு?"

உஷாராணி கரண்டியைப் பிடித்தபடி உண்மையாகவே யோசித்தாள். "ஒன்னுமில்லண்ணே. இவரு தூங்குனாரு."

இருவரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. எதையோ மறைக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது. கணேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டு இட்லியைப் பிட்டான். காது மட்டும் சிவந்திருந்தது.