நான்கு நாள் நீண்ட மார்ச் இரண்டு

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு எங்கள் ஊரில் மார்ச் இரண்டாம் தேதி நான்கு நாள் நீடித்தது. திங்கட்கிழமை சாயங்காலம் நாலு நாற்பதுக்கு, மேற்கு மலைக்கு இரண்டு சாண் மேலே சூரியன் நின்றது, நின்றது நின்றதுதான். கடிகாரங்களும் நின்றுவிட்டதால் கோழிகளை வைத்துத்தான் கணக்குச் சொல்கிறோம். ஒவ்வொரு கோழியும் நாலு முட்டை இட்டிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் சலீனாஸ் நகரத்தில் வழக்கம்போல் இருட்டியதாம். அங்கிருந்து ரொட்டி வண்டி ஓட்டி வந்தவர் எங்கள் ஊர் எல்லையில் மறுபடியும் நேற்றைய வெயிலுக்குள் நுழைந்தார். ரொட்டியை இறக்கினார், கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

காரணம் எவோதியோ பல்தசார். அவர் ப்ரோக்கோலி அறுக்கிறவர். இடது கையால் பூவின் தலையைப் பிடித்து, வலது கையால் கத்தியை ஒரு வீசு வீசி, பின்னால் வரும் வண்டியில் போடுவார். வண்டி மேல் நின்று அவர் மனைவி தொமித்திலா ரப்பர் வளையம் மாட்டிப் பெட்டியில் அடுக்குவாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன் எல்லை தாண்டி வந்தபோது எவோதியோவிடம் காகிதம் எதுவும் கிடையாது. ஆடு வளர்க்க ஊர் திரும்பிக்கொண்டிருந்த லிப்ராதோ கிரோஸ் என்பவனின் வேலை அனுமதி அட்டையை ஒரு ரேடியோப் பெட்டிக்கு மாற்றாக வாங்கிக்கொண்டார். அன்று முதல் வயலில், கடையில், தபால் பெட்டி எண் நாற்பத்தொன்றில் அவர் லிப்ராதோ கிரோஸ். வீட்டில் மட்டும் எவோதியோ. கூலிக் காசோலையின் பின்புறம் கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்பதால், முதல் வாரமே மேஸ்திரி மாக்லோவியோ அட்டைப்பெட்டி மேல் வைத்து அந்தப் பெயரை எழுதப் பழக்கிவிட்டார். எழுத்து என்று அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ஆயிரம் வெள்ளிக்கிழமைக்கு ஆயிரம் தடவை எழுதியிருப்பார்.

அவர்கள் மகள் நெரெய்தா இங்கேயே பிறந்தவள். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் எவோதியோ பல்தசார் என்று ஒழுங்காக இருக்கிறது. மண்ணும் தண்ணீரும் பற்றிய பொறியியல் படிப்புக்குக் கடலோரத்துப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. இடம்தான் கிடைத்தது; படிக்கக் காசு கிடையாது. அதற்கு அரசு உதவித்தொகை வேண்டும், உதவித்தொகைக்கு ஃபாரம் வேண்டும், ஃபாரத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும், உறையில் மார்ச் இரண்டாம் தேதி முத்திரை விழுந்திருக்க வேண்டும். மூன்றாம் தேதி விழுந்தால் குப்பை. ஜனவரியில் வாங்கிய ஃபாரத்தைப் பிப்ரவரிக்குள் அவள் நிரப்பிவிட்டாள். அப்பாவுக்கு அரசாங்க எண் இல்லாவிட்டால் ஒன்பது பூஜ்யம் போடு என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள்.

"பத்தொம்பது வருஷம் உழைச்சதுக்கு ஒம்பது பூஜ்யமா?" என்றார் எவோதியோ.

"வட்டமா இருக்குல்ல, சந்தோஷப்படு" என்றாள் தொமித்திலா.

ஆனால் கையெழுத்து என்றதும் அவருக்கு முதுகு வலி வந்துவிடும். இந்த நாட்டில் எவோதியோ பல்தசார் என்று ஒருவன் இருப்பதை அரசாங்கத்துக்கு அவரே எழுதித் தெரிவிப்பதா? ஃபாரம் மேஜையில் சோள ரொட்டி சுற்றும் துணிக்கு அடியில் கிடந்து எண்ணெய்க் கறை ஏறியது. நாளைக்கு, நாளைக்கு என்று கடைசி நாள் வந்தது. நெரெய்தா வயலுக்கே போய், ரப்பர் பூட்ஸோடு அவரைத் தபால் ஆபீஸுக்கு இழுத்து வந்தாள்.

தபால் ஆபீஸை நடத்தியவர் மிஸஸ் லூந்த். நாலரை மணி. எவோதியோ பேனாவை வாங்கினார், மூச்சை இழுத்துப் பிடித்தார், சரசரவென்று எழுதினார். லிப்ராதோ கிரோஸ்.

"ஐயோ அப்பா!"

"நான் எங்கம்மா எழுதினேன்? கைதான் எழுதிடுச்சு."

மிஸஸ் லூந்த் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஃபாரத்தைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் இழுப்பறையிலிருந்து இன்னொன்றை எடுத்து வைத்தார். "கடைசி ஃபாரம், மிஸ்டர் கிரோஸ். இதையும் கெடுத்துட்டீங்கன்னா எங்கிட்ட இல்ல. அஞ்சு மணிக்கு ஷட்டர் இறங்கிடும்."

நெரெய்தா மறுபடி எல்லாவற்றையும் நிரப்பிக் கையெழுத்துக் கட்டத்துக்கு வந்தபோது மணி நாலு நாற்பது. அதற்கப்புறம் மணி ஆகவில்லை. ரொம்ப நேரம் கழித்து மிஸஸ் லூந்த் வெளியே வந்து சூரியனைப் பார்த்தார், உள்ளே போய்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு ஆகாம கதவ மூட எனக்கு அதிகாரம் இல்ல" என்று சொல்லிக் கடிதச் சாக்குகள் மேல் படுத்துத் தூங்கினார்.

எவோதியோ பழகினார். மகள் துண்டுத்தாளில் பெயரை எழுதிக் கொடுத்தாள். அதைப் பார்த்துப் பெட்டி மூடிகளில் கரிக்கட்டியால் எழுதினார், ஈரமண்ணில் கத்தி முனையால் எழுதினார். முதல் எழுத்து சரியாக வரும். இரண்டாவதில் கை வழுக்கும். நிமிர்ந்து பார்த்தால் எழுதிய இடத்தில் லிப்ராதோ கிரோஸ்தான் சிரித்துக்கொண்டிருப்பான். எங்களுக்கும் வேலை ஓயவில்லை. வெயில் இருக்கும்வரை அறுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அசந்தவர்கள் முகத்தில் துண்டைப் போட்டு வரப்பில் தூங்கி எழுந்து மறுபடி அறுத்தோம். கூலி கேட்டபோது மாக்லோவியோ காலண்டரைக் காட்டினார்.

"இன்னிக்கு ரெண்டாம் தேதி. ரெண்டாம் தேதிக்கு ஒரு நாள் கூலி."

"அப்ப நாங்க நாலு தடவ தூங்கினது?"

"தூங்கினதுக்கு எந்த ஊருலய்யா கூலி குடுக்கறான்?"

விடாத வெயிலில் ப்ரோக்கோலி முற்றி, வயல் முழுக்க மஞ்சளாகப் பூத்தது. தேனீ வந்தது. அறுக்க எதுவும் மிச்சமில்லாமல் எல்லாரும் தபால் ஆபீஸ் வாசலில் கூடினோம். எவோதியோ படிக்கட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இந்தப் பேர எழுதினா வந்து பிடிச்சுக்கிட்டுப் போயிருவாங்களோன்னு பயமா இருக்குடி. கைக்கும் அது தெரியுது போல."

"நான் மாதா கோயில்ல கட்டிக்கிட்டது எவோதியோவ" என்றாள் தொமித்திலா. "குடித்தனம் பண்றது லிப்ராதோகூட. ஊரு என்னைப் பத்தி என்ன நினைக்கும்?" எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவர் வலது கையைத் தூக்கித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டாள். "இது காசோலை வாங்குற கை. இது அவனோடது, விட்டுடு. அந்தக் கையக் கொடு. அது பூவப் பிடிச்சதத் தவிர வேற என்ன பண்ணுச்சு? அது யாரோடது?"

எவோதியோ தன் இடது கையைப் புதிதாக யாரோ கொடுத்தது போலப் பார்த்தார்.

உள்ளே போனார். மகள் ஃபாரத்தைப் பிடித்துக்கொண்டாள். வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இடது கையால், ப்ரோக்கோலித் தண்டைப் பிடிக்கிற மாதிரி பேனாவைப் பிடித்து எழுதினார். எழுத்துகள் ஒன்றுமேல் ஒன்று சாய்ந்து, குளிர்காலத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற கூலிக்காரர்கள் மாதிரி இருந்தன. ஆனால் எவோதியோ பல்தசார் என்றுதான் இருந்தது. மிஸஸ் லூந்த் இரண்டு தடவை படித்துப் பார்த்தார். உறையை ஒட்டி முத்திரையைக் குத்தினார். "ஆச்சு, மிஸ்டர் பல்தசார்." கடிகாரம் நாலு நாற்பத்தொன்று என்றது. நாங்கள் படியிறங்கி வீடு போய்ச் சேருமுன் சூரியன் நாலு நாள் கடனையும் தீர்க்கிறாற்போல மலைக்குப் பின்னால் விழுந்தது. அன்று ஊரில் விளக்கே எரியவில்லை. எல்லாரும் பூட்ஸோடு தூங்கினோம்.

யாரும் வந்து பிடிக்கவில்லை. ஏப்ரலில் உதவித்தொகைக் கடிதம் வந்தது. உறையில் 'நெரெய்தா பல்தசாரின் பெற்றோர், எவோதியோ பல்தசார்' என்று அச்சாகியிருந்தது. இந்த நாட்டில் அந்தப் பெயருக்கு வந்த முதல் தபால். மிஸஸ் லூந்த் நாற்பத்தொன்றாம் பெட்டியில் கிரோஸ் என்ற பெயருக்குக் கீழே இன்னொரு பெயரையும் ஒட்டினார். நெரெய்தா படித்து முடித்து, இப்போது எங்கள் பள்ளத்தாக்குக்கே வாய்க்கால் அளக்கிறாள். அவள் படித்த வருஷங்களில் அப்பா வெள்ளிக்கிழமைகளில் வலது கையால் கூலி வாங்கினார், ஞாயிற்றுக்கிழமைகளில் இடது கையால் மகளுக்குக் கடிதம் எழுதினார். முதல் வருஷக் கடிதங்களில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கும். போகப்போக விஷயமும் வந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு மார்ச் இரண்டாம் தேதியும் நாலு நாற்பதுக்குச் சூரியன் கொஞ்சம் நிற்கிறது. தபால் ஆபீஸில் யார் வேலைக்கு வந்தாலும் அப்போது வாசலுக்கு வந்து, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்து, "வேற யாராச்சும் இருக்கீங்களா?" என்று ஒரு குரல் கொடுப்பார். யாரும் இல்லையென்றால் உள்ளே போவார், சூரியனும் நகரும். இப்போது ஃபாரமெல்லாம் கம்ப்யூட்டரில் போகிறது. அதைச் சூரியனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்கிறாள் தொமித்திலா. கனமான கம்பளிகளை அவள் அன்றைக்குத்தான் துவைக்கிறாள், நன்றாகக் காய்கிறது.