வலிக்கு ஓர் எண்

ஆடிக் கிருத்திகை அன்று விடியற்காலை, என் கணவர் தணிகைமணி தான் வேலை செய்யும் ஓட்டலின் மாவறையில் வழுக்கி விழுந்தார். அன்று திருத்தணி முழுக்கக் காவடி. வழக்கத்தைவிட மூன்று மடங்கு மாவு அரைத்திருந்தார்கள். கிரைண்டரைச் சுற்றி மாவும் தண்ணீருமாகத் தரை கொழகொழத்துக் கிடந்தது. நிரம்பிய குண்டானைத் தூக்கிக்கொண்டு திரும்பியவருக்குக் கால் நழுவியது. கையை ஊன்றியிருந்தால் மணிக்கட்டோடு போயிருக்கும். அவர் ஊன்றவில்லை. குண்டானை இரண்டு கையாலும் மார்போடு அணைத்தபடி, உட்கார்ந்த வாக்கில் விழுந்தார். மாவு சிந்தவில்லை. இடுப்புக்கு மேலே ஒரு முள்ளெலும்பு நசுங்கிவிட்டது.

நான் அங்கே இல்லை. தோசை மாஸ்டர் குமரேசன் சொன்னதை எழுதுகிறேன். அவர் கூட்டிச் சொல்லும் ஆள்தான். ஆனால் இந்த விஷயத்தை மூன்று பேர் ஒரே மாதிரி சொன்னார்கள்.

அரக்கோணத்தில் எலும்பு டாக்டர் மனோரமா படத்தைப் பார்த்துவிட்டு, படுக்கை, பெல்ட், மாத்திரை என்று வரிசையாகச் சொன்னார். கடைசியாக என்னிடம், "தினமும் சாயங்காலம் பத்துக்கு எத்தனை வலின்னு கேட்டு எழுதி வைம்மா," என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. எலும்பைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கும் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்தது. நாற்பது பக்க நோட்டில் அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டேன். தேதி, மாத்திரை, நடந்த தூரம், வலி.

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஏழு மாதம். அவர் என் மாமன் மகன். சின்ன வயதிலிருந்தே நான் அவரைக் கூப்பிடுவது பாவா என்றுதான். ஆனால் நகம் வெட்டிவிடுவதும், குளிக்க வைப்பதும், படுக்கையில் திருப்பி எழுப்புவதும் புதிது. தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப வேண்டும், முதுகு முறுக்கக் கூடாது. நான் இரண்டு இடத்தில் கை கொடுத்து உருட்டும்போது, "மரக்கட்ட வருது, ஒதுங்குங்க, ஒதுங்குங்க," என்பார். எனக்குச் சிரிப்பு வந்து கை தளர்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கும்.

முதல் வாரம் ஏழு நாளும் ஒன்பது என்றார். அடுத்த வாரம் எட்டு. பிறகு ஏழு. தட்டச்சு வகுப்பு முடிந்து ஆறரைக்கு வந்ததும் கை கால்கூடக் கழுவாமல் நோட்டை எடுப்பேன். எண் குறையும் நாளில் வகுப்பில் பட்ட திட்டுகூட மறந்துபோகும். நான்கு வாரம் கழித்து டாக்டர் அந்த நோட்டைப் பார்த்துத்தான் வலி மாத்திரையைக் குறைத்தார்.

எட்டாவது வாரம் குமரேசன் வந்தார். வாசலிலேயே சத்தம்.

"டேய் மணி, எப்படா வருவே? புது ஆளு உளுந்த அரைடான்னா தண்ணிய அரைக்கிறான். மலைக்கு வந்தவங்க எங்க இட்லிய துன்னுட்டு, அதுக்கும் சேத்து வேண்டிகினு போறாங்க."

பாவா சிரித்தார். சிரிக்கும்போது கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"மொதலாளி கேட்டாரு," என்று குமரேசன் குரலைத் தாழ்த்தினார். "வர்ற கிருத்திகைக்குள்ள வந்துடுவியான்னு. இல்லாங்காட்டி அந்த ஆளையே வெச்சிக்கறதாம்."

"வந்துடறேன்னு சொல்லு. இப்போ ரெண்டுதான் கீது. நாளன்னிக்கு டாக்டரு வேலைக்குப் போலாம்னு எழுதிக் குடுத்துடுவாங்க."

"இன்னாடா ரெண்டு?"

"அது எங்க ஊட்டுக் கணக்கு. உனுக்குப் புரியாது."

மறுநாள் வகுப்பில் பயிற்சித்தாளை முடித்துவிட்டு, நோட்டிலிருந்த எண்களை ஒரு வெள்ளைத் தாளில் தட்டச்சு செய்தேன். டாக்டருக்குப் படிக்கச் சுலபமாக இருக்குமே என்றுதான். எட்டு வாரக் கணக்கு. வாரத்துக்கு ஒரு வரி. முடித்து உருளையிலிருந்து தாளை எடுத்ததும் முதலில் பெருமையாக இருந்தது. பிழையே இல்லை. எண்கள் மலைப்படி மாதிரி ஒரே அளவாக இறங்கியிருந்தன.

பிறகுதான் உறுத்தியது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒன்று குறைந்திருந்தது. ஒரு நாள்கூட ஏறவில்லை. ஆறாவது வாரம் வியாழக்கிழமை அவர் தும்மினார். தும்மிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. அன்று மாலையும் நான் நான்கு என்றுதான் எழுதியிருக்கிறேன்.

கட்டியவரைச் சந்தேகப்படுகிறோமே என்று வழியெல்லாம் கூசியது. ஆனால் இந்தத் தாளை நம்பி டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால் அவர் மறுபடியும் குண்டான் தூக்குவார்.

வீட்டுக்கு வந்து தாளை அவரிடமே கொடுத்தேன்.

"சூப்பரா கீது சுசி. கல்யாணப் பத்திரிக மாதிரி."

"திங்கக்கெழம திங்கக்கெழம ஒன்னு கொறையுது, பாவா."

"நல்லதுதானே?"

"தும்மின அன்னிக்குக் கூடவா நாலு?"

தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. "உனுக்கு இன்னாத்துக்கு போலீசு வேல? ரெண்டுன்னா ரெண்டு. சோறு போடு, பசிக்குது."

போட்டேன். நோட்டில் அன்றைக்கும் இரண்டு என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை மின்சார ரயிலில் அரக்கோணம் போனோம். இடம் இருந்தும் அவர் உட்காரவில்லை. காத்து நன்றாக வருகிறது என்று கதவோரமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

டாக்டர் புதுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "எலும்பு நல்லா கூடிடுச்சு. இனிமே வலிதான் சொல்லணும். மூணுக்குக் கீழே இருந்தா வேலைக்குப் போகலாம்னு எழுதித் தந்துடறேன். கொண்டுவந்தியாம்மா?"

தாள் என் கையில்தான் இருந்தது. பாவா என்னைப் பார்க்காமல் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. தாளைக் கொடுக்கக் கையும் வரவில்லை.

"கொண்டாந்தேன் டாக்டர். ஆனா இது தப்பு. நான் சரியா கேக்கல. இத நம்பாதீங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "சரியா கேக்கலையா? இதைப் பார்த்துத்தானே மாத்திரையைக் குறைச்சேன்? எட்டு வாரமா என்னம்மா பண்ணிட்டிருந்தே? படிச்ச பொண்ணுதானே நீ?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டு எனக்குப் பழக்கம்தான்.

"அவளத் திட்டாதீங்க டாக்டர்," என்றார் பாவா. அந்தக் குரலை நான் கேட்டதில்லை. "அவ கரெக்ட்டா கேட்டா, கரெக்ட்டா எழுதினா. நான்தான் வாரத்துக்கு ஒன்னு கொறைச்சிகினு வந்தேன்."

"எதுக்குப்பா?"

"மொதோ வாரம் தெனிக்கும் ஒம்போதுன்னேன். ஞாயித்துக்கெழம இவ பேனாவ கையில வெச்சிகினு எழுதாமயே ஒக்காந்துட்டா. ராத்திரி சோறு துன்னல. மறுநாளு எட்டுன்னு சொன்னேன். ரெண்டு தோச துன்னா."

டாக்டர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரேயடியா ரெண்டுன்னு சொல்லியிருக்கலாமே?"

"நம்ப மாட்டா டாக்டர். கணக்கா இருப்பா."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணாடியை மாட்டினார். "இப்போ எத்தனை? அவளைப் பார்க்காம சொல்லு."

பாவா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "உக்காந்தா அஞ்சு. குனிஞ்சா ஏழு. தும்மினா எண்ணத் தெரியாது."

நான் அழவில்லை என்று எழுத ஆசை.

மூன்று மாதம் எந்தப் பாரமும் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதினார். இந்த முதுகோடு தூக்கியிருந்தால் அடுத்த தடவை நடந்து வந்திருக்க மாட்டாய் என்றும் சொன்னார். வெளியே வந்ததும் பாவா தானே முதலாளிக்குப் போன் போட்டார்.

"கிருத்திகைக்கு வர முடியாதுங்க... ஆங்... தூக்கக் கூடாதுன்னுட்டாங்க... ஆங்... சரிங்க."

"இன்னா சொன்னாரு?"

"அந்த ஆளயே வெச்சிக்கறாராம். தை மாசம் வந்து பாரு, கல்லாவுல டோக்கன் குடுக்கற வேல இருந்தா பாக்கலாம்னாரு."

"இருக்குமா?"

"தெர்ல சுசி."

நிலையத்தில் மேம்பாலம் ஏற வேண்டியிருந்தது. நான்காவது படியில் நின்றுவிட்டார்.

"தோளக் குடு."

இத்தனை நாளும் அவர் கை என் தோளில் பட்டும் படாமலும்தான் இருந்திருக்கிறது. அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முழுப் பாரமும் இறங்கியது. என் முழங்கால் லேசாக மடங்கியது. கைப்பிடியைப் பற்றிச் சமாளித்துக்கொண்டேன். பின்னால் பூக்கூடையோடு வந்த அம்மாள், "நடுவுல நின்னா எப்பிடிம்மா?" என்று முனகிக்கொண்டே சுற்றிப் போனாள். அந்தப் பக்கம் திருத்தணி வண்டி ஊதியது.

"ஓடுனா புடிச்சிடலாம்," என்றார்.

"ஓடுங்க, பாக்கலாம்."

சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. மூச்சை மெல்ல விட்டார்.

"எத்தன பாவா?"

"எட்டு."

"சரி," என்றேன். வண்டி போய்விட்டது. அடுத்த வண்டிக்கு நேரம் இருந்தது. அவர் தயார் என்று தலையசைத்ததும் ஐந்தாவது படியில் காலை வைத்தோம்.