தூளி 24, கொக்கி 3, பரட்டை 1

எங்கள் தோட்டத்தில் என்னைப் புழு எண்ணும் வேலைக்குப் போட்டபோது லயத்து வீடுகளில் சிரிக்காத ஆளே இல்லை. "நவமணிக்கு உத்தியோகம் கெடச்சிருச்சுலா" என்று குழாயடியில் ஒருத்தி கிண்டல் செய்தாள். "ஆமா, உன் தலையில இருக்கறதையும் சேத்து எண்ணித் தாரேன், குனி" என்றேன். அதற்கப்புறம் அவள் என்னிடம் வாய் கொடுக்கவில்லை.

சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ரப்பர் பால்மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்ட தோட்டம் எங்களுடையது. செம்பனை வந்ததும் பின்னாலேயே மூட்டைப்புழுவும் வந்தது. மலாய்க்காரர்கள் அதை உலாட் புங்குஸ் என்பார்கள். ஓர் அந்துப்பூச்சியின் பிள்ளைதான் அது. முட்டையிலிருந்து வெளியே வந்ததும் முதல் காரியமாக இலைத் துணுக்குகளைத் தன் வாய் நூலால் ஒட்டி ஒரு பை தைத்து, அதற்குள் புகுந்துகொள்ளும். பிறகு எங்கே போனாலும் பையோடுதான். தலையை மட்டும் நீட்டித் தின்னும். நம் நிழல் விழுந்தால் சரக்கென்று உள்ளே இழுத்துக்கொள்ளும்.

நானும் ராக்காயி அக்காவும் பத்து மரத்துக்கு ஒரு மட்டையை அறுத்து இறக்கி, அதில் எத்தனை புழு என்று எண்ணுவோம். மட்டைக்குச் சராசரியாக எத்தனை என்று துண்டுச்சீட்டில் எழுதி ஆபீசில் கொடுக்க வேண்டும். கணக்குப் பத்தைத் தாண்டினால் மருந்து அடிப்பார்கள். இவ்வளவுதான் வேலை.

இவ்வளவுதான் என்று நினைத்துத்தான் நானும் போனேன். ஒரே மாதத்தில் தெரிந்துவிட்டது, எல்லாப் பையும் ஒரே தையல் இல்லை என்று. ஒரு சாதி கூட்டுப்புழுவாகும் சமயத்தில் இலைக்கடியில் நீளமாக ஒரு நூலை விட்டு, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக்கொட்டகையில் துணித்தொட்டிலில் பிள்ளை தொங்குகிற மாதிரி தொங்கும். அதற்குத் தூளி என்று பெயர் வைத்தேன். இன்னொன்று நூலை வளைத்து மாட்டிக்கொள்ளும். அது கொக்கி. மூன்றாவது பெரிய உருப்படி, கட்டைவிரல் நீளம். ஒட்டியும் ஒட்டாமலும் இலைத்தூள் பிய்ந்து நிற்க, எண்ணெய் காணாத தலை மாதிரி இருக்கும். "இது நம்ம பரட்டை" என்று ராக்காயி அக்காவே சொல்லிவிட்டார்.

பேர் வைத்ததோடு நிற்கவில்லை. பழைய பிஸ்கட் டின்களில் மூன்றையும் தனித்தனியாகப் போட்டு வளர்த்துப் பார்த்தேன். இறக்கை முளைத்து வெளியே பறந்ததெல்லாம் ஆண். பெண்ணுக்கு இறக்கையே கிடையாது. பைக்குள்ளேயே இருந்து, பைக்குள்ளேயே முட்டையிட்டு, அங்கேயே செத்துப்போகிறது. அக்காவிடம் காட்டினேன்.

"ஆம்பளைக்கு ரெக்கை, பொம்பளைக்குச் சட்டி பானையா? இதென்னடி, நம்ம லயத்துல பொறந்த பூச்சி மாதிரில்ல இருக்கு!" என்று அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டின் கவிழ்ந்தது. அன்று பாதி நேரம் பரட்டைகளைப் பொறுக்குவதிலேயே போனது.

அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அதற்கு முன் நான் மருந்தடிக்கும் கூட்டத்தில் இருந்தேன். முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு மேடு பள்ளம் ஏறி இறங்கினேன். அப்போதுதான் மூன்றாம் மாதத்தில் ஒரு பிள்ளை கலைந்தது. பம்பினால்தானா என்று மருத்துவமனையில் யாரும் சொல்லவில்லை. எனக்குச் சந்தேகமே இல்லை. அப்போது ஊரெல்லாம் சொல்லி மிட்டாய் கொடுத்திருந்தோம். அதுதான் இன்னும் வலித்தது.

எண்பத்திரண்டாம் வருஷம், வைகாசி மாதம், எனக்கு மறுபடியும் மூன்று மாதம். இந்தத் தடவை என் வீட்டுக்காரர் அர்ச்சுனனைத் தவிர ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. ஐந்தாவது மாதம் தாண்டட்டும், அப்புறம் வாயைத் திறக்கலாம் என்று இருந்தேன். என் வாய்க்கு அது எவ்வளவு பெரிய விரதம் என்று எனக்குத்தான் தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் கணக்கு எழுதும் பழைய கிராணி பழனியப்பன் ஓய்வு பெற்றுப் போக, ஆபீசுக்குப் புதுக் கிராணியாக டொமினிக் வந்தார். தைப்பிங் பையன். இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர். தமிழ் படிக்கத் தெரியும், ஆனால் அது மாதா கோயில் ஜெபப் புத்தகத்தில் எழுத்துக்கூட்டிப் பழகிய தமிழ். பழனியப்பனுக்கு நான் எழுதுவது பழக்கம். தலைப்பு, விவரம் எதுவும் வேண்டாம். பேரும் நம்பரும் போட்டால் போதும். புது ஆளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது என் தப்புதான்.

ஏழாம் நம்பரில் எண்ணி முடித்து, வழக்கம்போலச் சீட்டு எழுதி மேசையில் வைத்துவிட்டு வந்தேன். ஏழாம் நம்பர் என்பது ஆயாக்கொட்டகையை ஒட்டின செம்பனைக் காடு. சீட்டில் இருந்தது இவ்வளவுதான்:

"7. ஆயாக்கொட்டகைப் பக்கம். தூளி 24. கொக்கி 3. பரட்டை 1."

பத்து நாள் கழித்துப் காலையில் ஆளெல்லாம் கூடும் பெரட்டில் பேர் கூப்பிடும்போது டொமினிக் என்னையும் அக்காவையும் தனியாக நிறுத்தினார். "மேனேஜர் துவான் ஒங்க மேல கோவமா இருக்காருக்கா. ஏழாம் நம்பர் கணக்கே வரலயாம். எண்ணுறதுக்கு ஆள் வேணாம், ரெண்டு பேரையும் திங்கக்கெழமையிலருந்து பம்புக்கு அனுப்புன்னுட்டாரு."

மறுபடியும் முதுகில் பம்பு. கை தானாக வயிற்றுக்குப் போக, அதை முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி மாற்றினேன். பயம் வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். நேராக ஆபீசுக்குப் போனேன்.

மேனேஜர் துவான் ரம்லி கெடாக்காரர். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். "கணக்குக் கொடுத்தேன் துவான், சத்தியமாகக் கொடுத்தேன்" என்று மலாயில் சொன்னேன். "சரி, எத்தனை?" என்றார். எதையும் யோசிக்காமல் "இருபத்தெட்டு" என்று சொல்லித் தொலைத்தேன்.

அவர் கண்கள் விரிந்தன. "பத்துக்கே மருந்தடிக்க வேண்டும். இருபத்தெட்டை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாயா?"

"துவான், அதில் இருபத்துநாலு தூளி. அது கொறிக்கிற சாதி. முப்பது இருந்தாலும் மட்டை பச்சையாகத்தான் நிற்கும். கொக்கி என்றால் பத்தே அதிகம். பரட்டை ஐந்து இருந்தால் மட்டையில் ஈர்க்குதான் மிஞ்சும். மூன்றையும் ஒன்றாகக் கூட்டக்கூடாது."

"புழு என்றால் புழுதான்" என்றார் துவான். "வியாழக்கிழமை ஈப்போவிலிருந்து ஆராய்ச்சி அதிகாரி வருகிறார். அவரும் உன்னைப் போலவே சொன்னால் பார்ப்போம். இல்லாவிட்டால் திங்கட்கிழமை ஏழாம் நம்பரில் மருந்து. நீதான் முதல் பம்பு."

வீட்டில் அர்ச்சுனன் ஒரே பிடியாக நின்றார். "வேலைய விட்டுரு, நவமணி. பம்பத் தொடக்கூடாது, ஆமா."

"விடலாம். அப்ப ராக்காயி அக்கா தூக்குவாங்க, அந்த மருந்து காத்துல ஆயாக்கொட்டகைக்குப் போகும். நான் வீட்டுக்குள்ள இருந்து பாத்துக்கிட்டிருக்கணுமா?" அவர் என் டின்களைத் துடைத்து, வரிசையாக ஒரு பெட்டியில் அடுக்கிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை வந்த அதிகாரியைப் பார்த்து நான் அசந்துபோனேன். ஓர் ஆம்பளையைத்தான் எதிர்பார்த்திருந்தேன். முழங்கால் வரை பூட்ஸும் கால்சட்டையும் போட்ட ஒரு பெண் ஜீப்பிலிருந்து குதித்தார். பெட்ரீசியா என்று பெயர். சித்தியவான் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணாம்.

துவான் விஷயத்தைச் சொன்னார். அந்தம்மா என் டின்களைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஜீப்புக்குப் போய் ஒரு கண்ணாடிப் புட்டியைக் கொண்டுவந்து, அதிலிருந்த ஐம்பது அறுபது பைகளை மேசைமேல் கொட்டினார். காய்ந்தவை, சிறிசு பெரிசு எல்லாம் கலந்து கிடந்தன.

"பிரிங்க பாப்போம்" என்றார்.

நானும் அக்காவும் உட்கார்ந்தோம். தூளி, தூளி, கொக்கி, பரட்டை, தூளி. ஒன்றிலும் கண் தடுமாறவில்லை. மேசைமேல் மூன்று குவியல் வளர்ந்தது. கடைசியில் ஒன்று மட்டும் என் கையில் நின்றுவிட்டது. இலையே இல்லை. சின்னச் சின்னக் குச்சிகளை ஒரே அளவில் வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிக் கட்டியிருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். துவான் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எங்க வைக்கப்போறீங்க?" என்று கேட்டார் பெட்ரீசியா.

"எங்கயும் வைக்க மாட்டேன். இது எங்க தோட்டத்துப் பூச்சி இல்ல மேடம். பாருங்க, வெறகுக் கட்டு மாதிரி கட்டியிருக்கா. இவ வேற வீட்டுக்காரி."

அந்தம்மா மேசையைத் தட்டிச் சிரித்தார். "ஈப்போவுல என் வீட்டு வேலியில இருந்து எடுத்தது! ஒங்கள மாட்டிவிடத்தான் போட்டேன்." பிறகு துவானிடம் மலாயில் மளமளவென்று பேசினார். இவை நாலும் ஒரே குடும்பம்தான். இந்தக் குடும்பத்தில் உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான சாதி உண்டு, ஒவ்வொன்றும் ஒரு தினுசாகப் பை தைக்கும், ஒவ்வொன்றின் பசியும் வேறு. லத்தீனில் பெயர் வைத்துப் புத்தகம் போட்டவர்களும் பையைப் பார்த்துத்தான் முதலில் பிரிக்கிறார்கள். "இந்தம்மா மூன்று டின்னை வைத்துக்கொண்டு அதையே செய்திருக்கிறார். ஏழாம் நம்பருக்கு மருந்து வேண்டாம்."

துவான் என்னைப் பார்த்தார், குவியல்களைப் பார்த்தார். "பெத்துல்லா நவமணி, நீ சொன்னதுதான் சரி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம் தாங்காமல் வந்த அழுகை என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமே இல்லை. அக்கா என் முதுகில் ஓர் அறை விட்டார்.

அந்த நேரம் பார்த்து ஆபீஸ் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் ஒரு தாளை நீட்டினார். "கிராணி யாரு? தொட்டில் சாரோங் இருபத்துநாலு, கொக்கி இருபத்துநாலு, சீப்பு ஒண்ணு. கையெழுத்துப் போடுங்க."

டொமினிக் பெருமையாக முன்னால் வந்தார். "ஆயாக்கொட்டகைக்கு துவான். நவமணி அக்கா சீட்டுக் குடுத்திருந்தாங்க. அவசரம்னு நெனச்சு நானே ஆர்டர் போட்டுட்டேன்."

"எந்தச் சீட்டு?" என்றேன்.

சட்டைப்பையிலிருந்து எடுத்தார். ஏழாம் நம்பர் சீட்டேதான். "தூளி இருபத்துநாலுன்னு எழுதிட்டு கொக்கி மூணுன்னு போட்டிருந்தீங்க. இருபத்துநாலு தூளிய மூணு கொக்கியில எப்படிக்கா மாட்டுறது? பாவம், கணக்கு வராது போலன்னு நானே திருத்தினேன்."

"அப்ப சீப்பு?" என்று கேட்டார் ராக்காயி அக்கா. அவர் குரல் அதற்குள் ஆடிக்கொண்டிருந்தது.

"பரட்டை ஒண்ணுன்னு இருந்துச்சு. யாரோ ஒரு பிள்ளைக்குத் தலை வாராம இருக்குன்னு..."

அதற்குமேல் யாராலும் கேட்க முடியவில்லை. அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெட்ரீசியா கதவைப் பிடித்துக்கொண்டு துவானுக்கு மொழிபெயர்க்கப் பார்த்தார், ஒவ்வொரு தடவையும் சீப்புக்கு வரும்போது முடியாமல் போனது. கடைசியில் புரிந்தபோது துவான் சிரித்ததை லயம் வரை கேட்டதாகச் சொன்னார்கள். டொமினிக்கின் காது மட்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்து நின்றது. எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இத்தனை நாளாக நான் செத்துப் பிழைத்ததற்குக் காரணம், யாரோ பிள்ளைகளுக்குத் தூளி வேண்டும் என்று அந்தப் பையன் பதறியது. அவரை எப்படித் திட்டுவது?

சிரித்து ஓய்ந்ததும் துவான், "வந்தது வந்துவிட்டது, பிள்ளைகளுக்கே கொடு" என்றார். ஆயாக்கொட்டகையில் கிழிந்த சேலைகளில்தான் அதுவரை பிள்ளைகள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோருமாகச் சேர்ந்து தூக்கிக்கொண்டு போனோம். துவானே நாற்காலிமேல் ஏறி நாலு கொக்கி மாட்டினார். பூப்போட்ட சாரோங்குகள் வரிசையாகத் தொங்க, பிள்ளைகள் காலை மட்டும் நீட்டிக்கொண்டு கிடந்தார்கள். பெட்ரீசியா என் காதில், "லத்தீன் பேர விட ஒங்க பேருதான் பொருத்தம்" என்றார். அந்தச் சீப்பை ராக்காயி அக்கா தன் கொண்டையில் செருகிக்கொண்டார், யாரையும் கேட்கவில்லை.

டொமினிக் மட்டும் தாளும் பேனாவுமாக வரிசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். முகம் மறுபடியும் வாடிவிட்டது.

"அக்கா, இன்னொரு தப்பும் ஆயிருச்சு. மூணு தடவ எண்ணிட்டேன். பிள்ளைங்க இருபத்துமூணுதான் இருக்கு. தூளி ஒண்ணு அதிகம். திருப்பி அனுப்பிரட்டுமா?"

கடைசித் தூளி காலியாக, காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. மஞ்சள் சாரோங், சிவப்புப் பூ. ஐந்தாவது மாதம் வரை என்று நான் கட்டியிருந்த விரதம் அங்கேயே முறிந்தது.

"வேணாம் கிராணியாரே" என்றேன். "எண்ணிக்க சரிதான். அந்த ஆளு கார்த்திகையில வரும்."